களஞ்சியம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்: டெல்டா உழவர் குழு ஒன்றில் புள்ளிகள் செய்த வேலை

குடவாசல், வலங்கைமான், நீடாமங்கலம் பக்கத்து நெல் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் டெலிகிராம் குழு ஒன்றில் சில பருவங்களுக்கு, எழுதுபவர்களுக்குப் புள்ளிகளும் படிநிலைகளும் இருந்தன. அப்புறம் அவற்றை எடுத்துவிட்டார்கள். இடையில் நடந்ததைப் பற்றியது இந்த ஆய்வு. குழுவின் பெயரையும் உறுப்பினர்களின் பெயர்களையும் எழுதவில்லை. பழைய பதிவுகளை வாசிக்க நிர்வாகிகள் அனுமதித்தார்கள். எழுதியவர்களில் சிலரை வயலிலும் டீக்கடையிலும் பார்த்துப் பேசினேன். இணையக் குழுக்களைப் பராமரிப்பது என் பிழைப்பு, பிறந்த ஊரும் இந்தப் பக்கம்தான். அதனால் இதில் எனக்கு அக்கறை உண்டு.

புள்ளி எதை எண்ணுகிறதோ அதை மனிதர்கள் கூடுதலாகச் செய்வார்கள். இது எல்லோருக்கும் தெரியும். எண்ணப்படாத வேலை என்ன ஆகிறது என்பதைத்தான் இந்தக் குழுவில் நான் கவனித்தேன். இவர்களிடம் அப்படி ஒரு வேலை இருந்தது. கேள்வி கேட்டவரிடமே திருப்பிக் கேட்பது அது.

வாட்ஸ்அப் காலம்

குழு முதலில் வாட்ஸ்அப்பில் இருந்தது. அப்போது ஒரு குழுவில் 256 பேருக்கு மேல் சேர முடியாது. வாட்ஸ்அப் அந்த வரம்பை 2022இல்தான் 512 ஆகவும், பிறகு 1024 ஆகவும் உயர்த்தியது. இவர்கள் அதற்கு முன்பே, கொரோனா ஊரடங்கு நேரத்தில், ஆள் பெருகி டெலிகிராமுக்கு வந்துவிட்டார்கள். அங்கே 2 லட்சம் பேர் வரை சேரலாம். வெளியூரில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பி, அப்பாவின் நிலத்தில் இறங்கிய பிள்ளைகள் நிறையப் பேர் அப்போதுதான் சேர்ந்தார்கள்.

வாட்ஸ்அப் காலத்துப் பேச்சைச் சிலர் தங்கள் கைபேசியில் இன்னும் வைத்திருக்கிறார்கள். அதை வாசித்தால் ஒரு பழக்கம் திரும்பத் திரும்பத் தெரிகிறது. ஒருவர் வயலின் படத்தைப் போட்டு, "மஞ்சள் அடிச்சிருக்கு, என்ன அடிக்கலாம்?" என்பார். கொஞ்ச நேரத்துக்குப் பதில் இருக்காது. பிறகு யாராவது, "எத்தனை நாள் பயிர் மாமா? தண்ணி கட்டி நிக்குதா? கடைசியா என்ன போட்டீங்க?" என்று ஆரம்பிப்பார். இன்னொருவர் கிட்டத்தில் எடுத்த படம் கேட்பார். பக்கத்து ஊர்க்காரராக இருந்தால், "சாயங்காலம் அந்தப் பக்கம்தான் வர்றேன், பாத்துட்டுச் சொல்றேன்" என்று முடியும்.

நெல் மஞ்சளாவதற்குக் காரணங்கள் பல. தழைச்சத்து குறைந்தால் கீழே உள்ள முதிர்ந்த இலைகள் முதலில் வெளுக்கும். துத்தநாகம் குறைந்தால் இளம் இலையின் நடுநரம்பு அடிப்பக்கத்திலிருந்து வெளுத்து, கீழ் இலைகளில் துரு நிறப் புள்ளிகள் வரும். துங்ரோ வைரஸ் என்றால் நுனியிலிருந்து ஆரஞ்சு கலந்த மஞ்சள் இறங்கும், பயிர் குட்டையாக நின்றுவிடும். அதைப் பரப்புவது பச்சைத் தத்துப்பூச்சி. வடியாமல் நிற்கும் தண்ணீரும் மஞ்சளாக்கும். புகையான் என்ற பூச்சி தூரில் உட்கார்ந்து சாறு உறிஞ்சினாலும் மேலே தெரிவது மஞ்சள்தான். வரப்பில் நின்று எடுத்த ஒரு படத்தில் இவை எல்லாம் ஒன்று போலவே இருக்கும். திருப்பிக் கேட்காமல் சொல்கிற பதில் குருட்டாம்போக்கில் சொல்வதுதான். அந்தக் குழுவை நம்பத்தக்கதாக வைத்திருந்தது இந்தத் திருப்பிக் கேட்கும் பழக்கமே என்பது என் எண்ணம்.

புள்ளி வந்த விதம்

நிர்வாகிகளின் நோக்கம் நல்லது. டெலிகிராமில் ஆள் பெருகியதும் கேள்விகளும் பெருகின. அதே நாலைந்து பேர்தான் இரவெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தாளடி நடவு நேரத்தில் பல கேள்விகள் பதிலே இல்லாமல் மேலே போய்விட்டன. இதற்கு வழியாகத்தான் தானாகக் கணக்கு வைக்கும் பாட் ஒன்றைச் சேர்த்தார்கள். கேள்வி கேட்டால் 1 புள்ளி, பதிலுக்கு 2. அந்தப் பதிலுக்குக் கீழே யாராவது "நன்றி" என்று எழுதினால் 5. படிநிலைகள் நான்கு: நாற்று, பயிர், கதிர், களஞ்சியம். பெயருக்குப் பக்கத்திலேயே அது தெரியும். களஞ்சியம் ஆனவர் மற்றவர்களின் பதிவை நீக்கலாம், தன் பதிவை மேலே குத்தி வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை இரவு முதல் பத்துப் பேரின் பட்டியல் வரும்.

பெயர்களைத் தேர்ந்தெடுத்த இளைஞர் ஆசையாகத்தான் தேர்ந்தெடுத்தார். அந்தச் சொற்களே பின்னால் புண்படுத்தும் என்று அப்போது யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

நல்லதும் நடந்தது

அதை முதலில் சொல்லிவிட வேண்டும். முதல் சில வாரங்களில் பதில் இல்லாமல் போகும் கேள்விகள் கண்கூடாகக் குறைந்தன. அதுவரை படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு தம்பி, பட்டயப் படிப்பை விட்டுவிட்டு ஊருக்கு வந்தவர், நாற்றங்காலில் விதை நேர்த்தி செய்வது பற்றிய தன் முதல் பதிலுக்கு வந்த "நன்றி தம்பி"யை இன்னும் நினைவில் வைத்திருக்கிறார். "எங்கப்பா கூட அப்படிச் சொன்னதில்லை சார்" என்றார்.

புதியவர்களை நிற்க வைக்கும் சக்தி இந்த மாதிரி அங்கீகாரத்துக்கு உண்டு. ஜெர்மன் விக்கிப்பீடியாவில் யானா காலுஸ் நடத்திய பெரிய கள ஆய்வு 2017இல் வெளியானது. பணம் எதுவும் இல்லாத, வெறும் பெயரளவிலான விருது ஒன்றைப் புதுப் பங்களிப்பாளர்கள் சிலருக்குக் கொடுத்துப் பார்த்தார். அடுத்த மாதமும் தொடர்ந்து எழுதியவர்களின் விகிதம் விருது பெற்றவர்களிடையே 20 சதவீதம் கூடுதலாக இருந்தது. ஆனால் அந்த விருதைக் கொடுத்த விதம் முக்கியம். ஒருவருடைய வேலையைப் பாராட்டி ஒருமுறை கொடுத்தது அது. ஒவ்வொரு வரிக்கும் கூலி போலக் கணக்கு வைத்துக் கொடுக்கவில்லை, பேருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டே போகும் எண்ணும் கிடையாது. நம் குழுவில் அந்தத் தம்பியின் மனத்தில் நின்றதும் மனிதர் ஒருவர் எழுதிய "நன்றி தம்பி"தான். அதற்கு 5 புள்ளி விழுந்தது அவருக்கு நினைவில்லை.

முந்திக்கொள்வது

கொஞ்ச நாளில் பதில்கள் வரும் வேகம் மாறியது. படம் விழுந்த நிமிடத்திலேயே "சிங்க் சல்பேட் ஏக்கருக்கு 10 கிலோ போடுங்க" என்று மூன்று பேர் எழுதினார்கள். துத்தநாகக் குறைவுதான் என்றால் அது சரியான அளவு. துத்தநாகக் குறைவுதானா என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் என்ன ஆகும்? படம் போட்டவர் அதற்குப் பதில் தட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் மருந்தைச் சொல்லி, "நன்றி அண்ணே" வாங்கிக்கொண்டு போய்விடுவார். திருப்பிக் கேட்டவருக்கு அந்த 5 புள்ளியும் இல்லை, நன்றியும் இல்லை.

நிரல் எழுதுபவர்கள் கேள்வி பதில் பரிமாறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 2008இல் தொடங்கியது. பதிலுக்கு ஒரு ஆதரவு வாக்கு விழுந்தால் 10 புள்ளி, கேட்டவர் அதை ஏற்றுக்கொண்டால் 15. அங்கேயும் ஆரம்பத்திலேயே இந்தச் சிக்கல் பேசப்பட்டது. நிதானமாக யோசித்து எழுதிய பதிலைவிட முதலில் வந்த சின்னப் பதிலுக்கு வாக்கு குவிந்தது. ஆனால் அங்கே தவறான நிரல் உடனே ஓடாமல் நின்றுவிடும், தவறு அப்போதே தெரிந்துவிடும். வயலில் போட்ட மருந்தின் பலன் தெரிய பத்து, இருபது நாள் ஆகும். "நன்றி" அந்த நிமிடமே விழுந்துவிட்டது. இந்த இடைவெளிதான் விவசாயக் குழுக்களில் புள்ளியை இன்னும் ஆபத்தாக்குகிறது. நன்றி சொல்பவர் பலனைப் பார்த்து நன்றி சொல்லவில்லை, யாரோ கவனித்தார்களே என்பதற்குச் சொல்கிறார்.

உறவுக்காரர்கள் ஒருவருக்கொருவர் நன்றி போட்டுக்கொண்டதும், காலை வணக்கப் படங்கள் பெருகியதும் எல்லாக் குழுக்களிலும் நடப்பவை. அதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது. களஞ்சியம் ஆக 2000 புள்ளி வேண்டும். அந்த எல்லையை நெருங்கியவர்களின் பதிவுகளைத் தனியாக எடுத்துப் பார்த்தேன். கடைசி வாரங்களில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறார்கள்: தென்னை, மாடு, பயிர்க் காப்பீடு, கிசான் சம்மான் பணம் எதையும் விடுவதில்லை. களஞ்சியம் ஆனதும் பதிவுகள் சட்டென்று குறைகின்றன. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ பதக்கங்களை வைத்து ஆண்டர்சன், ஹட்டன்லாக்கர், கிளைன்பெர்க், லெஸ்கோவெக் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்விலும் இதே வடிவம் உண்டு. பதக்க எல்லை நெருங்க நெருங்க அந்தப் பதக்கத்துக்கு உதவும் செயல் கூடும், தாண்டியதும் தணியும். உறுப்பினர்களைக் குறை சொல்ல இதைக் காட்டவில்லை. எல்லைக் கல் ஒன்றை நட்டால் யாருடைய கால்களும் அதை நோக்கித்தான் நடக்கும்.

கொள்முதல் நிலையச் செய்திகள்

தை, மாசியில் அறுவடை மும்முரமாக இருக்கும்போது குழுவுக்கு வேறொரு பயன் உண்டு. எந்த நேரடி நெல் கொள்முதல் நிலையம் திறந்திருக்கிறது, எங்கே மூட்டைகள் தேங்கி நிற்கின்றன, சாக்கு இருக்கிறதா, ஈரப்பதம் எவ்வளவு வரை எடுக்கிறார்கள் என்பதையெல்லாம் அதில்தான் பார்ப்பார்கள். ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மழை பெய்த ஆண்டுகளில் மத்திய அரசு தளர்வு கொடுத்தால் அந்தச் செய்தியும் வேகமாக வர வேண்டும். அறுத்த நெல்லைக் களத்தில் கொட்டி, தார்ப்பாய் போட்டு, பனிக்கும் மழைக்கும் பயந்து காத்திருப்பவருக்கு ஒரு நாள் பெரிய விஷயம்.

புள்ளி வந்த பிறகு, நிலையத்துக்குப் போகாதவர்களும் நிலையச் செய்தி போட்டார்கள். வேறு குழுவில் வந்ததை எடுத்து இங்கே ஒட்டினார்கள். முந்தின நாள் செய்தி இன்றைய செய்தியாக வந்தது. குடவாசல் பக்கத்தில் ஒருவர் அப்படி ஒரு செய்தியை நம்பி டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய், பூட்டிய இடத்தின் முன்னால் இரவைக் கழித்தார். செய்தி போட்டவருக்கு அதற்குள் வரிசையாக நன்றிகள் விழுந்திருந்தன. வாட்ஸ்அப் காலத்தில் இதே செய்திகள், "இப்ப இங்கதான் நிக்கிறேன்" என்ற வரியோடு வந்தவை. அந்த வரியை யாரும் விதியாக வைக்கவில்லை, தானாக இருந்தது. அது தானாகவே போய்விட்டது.

புகையான்

நான் இந்த ஆய்வை எழுத முக்கியக் காரணம் ஒரு சம்பா பருவத்தில் நடந்த பேச்சு.

தூர் கட்டும் பருவத்தில் இருந்த சிஆர் 1009 ரக நெல் வயலின் படத்தை ஒருவர் போட்டிருந்தார். இலைகள் நீளவாக்கில் சுருண்டு வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. இலைச்சுருட்டுப் புழு, அதில் சந்தேகமில்லை. களஞ்சியம் நிலையில் இருந்த ஒருவர் உடனே சைபர்மெத்ரின் அடிக்கச் சொன்னார். வரிசையாகக் கட்டைவிரல்கள், நன்றிகள். அப்போது நாற்று நிலையில் இருந்த ஒரு கணக்கிலிருந்து ஒரு வரி வந்தது: "தூரைப் பிரிச்சுப் பாத்தீங்களா? தட்டினா தண்ணியில ஏதாவது விழுதா?"

அதற்கு வந்த பதில்: "தம்பி, களஞ்சியம் சொல்லிட்டாருல்ல. சரியாத்தான் இருக்கும். குழப்பாதீங்க."

அந்தக் கேள்வி எவ்வளவு சரியான கேள்வி என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இலைச்சுருட்டுப் புழுவுக்கு, பயிர் வளரும் பருவத்தில் பத்தில் ஒரு இலை சேதமாகும் வரை மருந்து தேவையில்லை என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. புகையான் இருக்கும் இடம் வேறு. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தூரின் அடியில் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே இருந்து பார்த்தால் தெரியாது. தூரைச் சாய்த்துத் தட்டினால் தண்ணீரில் விழும். தூருக்கு ஒரு பூச்சி என்ற அளவில் இருந்தாலே கவனிக்க வேண்டும். குத்துக்கு, அதாவது சேர்த்து நட்ட ஒரு கொத்துக்கு, ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். அந்தச் சிலந்திகளும் மிரிட் நாவாய்ப்பூச்சிகளும்தான் புகையானைத் தின்று கட்டுக்குள் வைத்திருப்பவை. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் அவற்றைக் கொன்றுவிடும். புகையான் தப்பித்து முன்னைவிடப் பல மடங்கு பெருகும். நெல் வயலில் இந்த மருந்துகளைத் தவிர்க்கச் சொல்வதற்கு இதுதான் காரணம். யூரியாவை அள்ளிப் போட்டு, நடுநடுவே பட்டம் என்ற இடைவெளி விடாமல் அடர்த்தியாக நட்ட வயலில் இன்னும் வேகமாகப் பரவும்.

சில வாரங்களில் அந்த வயலில் வட்ட வட்டமாகக் காய்ந்தது, புகைந்துபோன மாதிரி. அவர் அடுத்து போட்ட படத்தில் நடுவயல் வைக்கோல் நிறத்தில் கிடந்தது. அந்தப் படத்துக்குக் கீழேயும் முதல் நிமிடத்திலேயே நாலு மருந்துகளின் பெயர்கள் விழுந்தன. தண்ணீரை வடித்துவிடச் சொன்னவர் அந்தப் பழைய நாற்றுக் கணக்குதான்.

மருந்து சொன்ன களஞ்சியக்காரரை நீடாமங்கலம் பக்கம் போய்ப் பார்த்தேன். நல்ல விவசாயி. அலட்சியமான ஆள் அல்ல. "படத்துல இலைதான் தெரிஞ்சுது. புழுன்னு சொன்னேன், அது சரிதான். கீழ என்ன இருக்குன்னு கேக்கணும்னு தோணல. முன்னெல்லாம் கேட்டிருப்பேன்" என்றார். இன்னொன்றும் சொன்னார்: "நாலு பேரு என்னைக் கேக்குறப்ப தெரியலைன்னு சொல்ல வாய் வரலை. பேருக்குப் பக்கத்துல களஞ்சியம்னு போட்டிருக்கு." அந்தப் பருவம் முழுவதும் களஞ்சிய நிலையில் இருந்தவர்களின் பதிவுகளைத் தேடினேன். "எனக்குத் தெரியலை, வேற யாராவது சொல்லுங்க" என்ற வரி அவர்களிடமிருந்து அநேகமாக மறைந்தேவிட்டது. அதே ஆட்கள் வாட்ஸ்அப் காலத்தில் அதைத் தாராளமாக எழுதியிருக்கிறார்கள். படிநிலை மற்றவர்கள் ஒருவரைக் கேட்கும் விதத்தை மாற்றியதோடு நிற்கவில்லை, அவர் தன்னைப் பார்க்கும் விதத்தையும் மாற்றிவிட்டது.

"தம்பி" என்று அதட்டப்பட்ட அந்தக் கணக்கு யாருடையது தெரியுமா? வலங்கைமான் பக்கத்து அக்கா ஒருவர். நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களைக் கூட்டிப்போகிறவர், சொந்தமாகக் கொஞ்சம் நிலமும் வைத்திருக்கிறார். கல்லூரியில் படிக்கும் மகனின் எண்ணிலிருந்து எழுதுகிறார், அதனால் மகன் பெயரும் படமும்தான் தெரியும். வயலில் குனிந்து வேலை செய்கிறவர்களுக்குத்தான் தூரின் அடியில் இருப்பது முதலில் கண்ணில் படும். இவ்வளவு வருஷமாகப் பயிரின் காலடியைப் பார்த்தவருடைய பெயருக்குப் பக்கத்தில் நாற்று என்று இருந்தது.

குழுவில் அவரைப் போல இன்னும் பல பெண்கள் உண்டு. கணவர் அல்லது மகனின் கைபேசியில் குரல் பதிவு போடுவார்கள். புள்ளி அந்த எண்ணுக்குத்தான் சேரும். ஒரு வீட்டில் கணவர் கதிர் நிலைக்கு வந்துவிட்டார். பதில்களில் பாதிக்கு மேல் மனைவி சொன்னவை என்று அவரே என்னிடம் பெருமையாகச் சொன்னார். பட்டியலில் அந்த அம்மாள் இல்லை. யார் கையில் போன் இருக்கிறது என்பதைத்தான் புள்ளி எண்ணியது, அறிவு யாரிடம் இருக்கிறது என்பதை அல்ல. இந்த ஊர்களில் இரண்டும் பெரும்பாலும் ஒரே ஆள் இல்லை.

மரியாதை

இன்னொருவர் குடவாசல் பக்கத்துப் பெரியவர். எழுபதைத் தாண்டியவர், ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்கள் ஒவ்வொன்றையும் எந்த வருஷம் தன் வயலில் போட்டார் என்று சொல்லக்கூடியவர். மாதத்துக்கு ஒன்றிரண்டு பதில்தான் எழுதுவார், ஆனால் அவை நீளமானவை. எந்த மடையில் மேட்டு வயல், எந்த மண்ணுக்கு எந்த விதை என்று விவரமாக இருக்கும். அவை இன்றும் பலரால் சேமித்து வைக்கப்பட்டுள்ளன. புள்ளிக் கணக்கில் அவர் நாற்று. ஒரு நாள் பேரன் வயதுப் பையன் ஒருவன், களஞ்சியம், அவருடைய பதிலை "ஏற்கனவே சொல்லப்பட்டது" என்று நீக்கிவிட்டான். அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை.

நான் போனபோது கோபமாகப் பேசவில்லை. "நாத்துன்னு போட்டிருக்கான். போட்டுக்கட்டும். நான் எதுக்கு அங்க போயி நிக்கணும்?" என்றார்.

டெல்டா மக்களுக்கு இது புதிதல்ல. கோயிலில் முதல் மரியாதை யாருக்கு, பரிவட்டம் யாருக்கு முதலில் கட்டுவது என்பதற்காகத் திருவிழாவே நின்ற ஊர்கள் இந்தப் பக்கம் இருக்கின்றன. திருநீற்றை யாருக்கு முதலில் கொடுக்கிறார்கள் என்பதில் ஊரின் முழு வரிசையும் அடங்கியிருக்கிறது. அது தெரிந்த மக்களிடம், "சும்மா ஒரு அடையாளம்தான்" என்று சொல்லி ஒரு வரிசையைப் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டினால் அதைச் சும்மா எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எந்த ஊரிலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன், இங்கே கொஞ்சம் வெளிப்படையாகத் தெரிகிறது.

எடுத்தபோது

புகையான் விஷயத்துக்குப் பிறகு நிர்வாகிகள் கூடிப் பேசினார்கள். எண்ணை மட்டும் மறைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். ஸ்லாஷ்டாட் என்ற பழைய தொழில்நுட்பச் செய்தித் தளம் அப்படிச் செய்தது: உறுப்பினர்கள் எண்ணைத் துரத்தத் தொடங்கியதும், எண்ணை எடுத்துவிட்டு "நல்லது", "மிக நல்லது" என்பது மாதிரியான சொற்களால் காட்டியது. ஆனால் இங்கே பிரச்சினையே சொற்களில்தான் இருந்தது. கடைசியில் புள்ளி, படிநிலை, ஞாயிறு பட்டியல் மூன்றையும் ஒரே நாளில் எடுத்துவிட்டார்கள்.

எதிர்ப்பு வந்தது, அது நியாயமான எதிர்ப்பு. முன்னறிவிப்பு இல்லாமல் எடுத்தது எனக்கும் சரியாகப் படவில்லை. களஞ்சியம் ஆனவர்கள் அதற்கு நேரம் கொடுத்திருந்தார்கள். ஒருவர் கருப்பு கவுனி, தூயமல்லி விதை விற்கிறவர், அந்தப் பெயரைப் பார்த்துத்தான் வெளி மாவட்டத்திலிருந்து ஆர்டர் வந்துகொண்டிருந்தது. "நான் உழைச்சு வாங்கினது, நீங்க எப்படி எடுக்கலாம்?" என்று எழுதினார். அதற்கு யாரும் நேரான பதில் சொல்லவில்லை.

மென்பொருளாளர்கள் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளம், யார் எத்தனை நாள் இடைவிடாமல் வேலை செய்தார் என்ற தொடர்க் கணக்கை முகப்பிலிருந்து 2016இல் எடுத்தது. நீண்ட தொடர்களை வைத்திருந்தவர்கள் அவற்றைப் பாதியில் விட்டார்கள், வாரக் கடைசியில் செய்த வேலை குறைந்தது என்று பின்னால் வந்த ஆய்வு காட்டியது. எண்ணுக்காக எவ்வளவு வேலை நடந்தது என்பது எண் போனபோதுதான் தெரிந்தது. நம் குழுவிலும் பதிவுகள் குறைந்தன. பதிலில்லாத கேள்விகள் திரும்ப வந்தன. எனக்கு அதைவிட வருத்தமானது வேறு: வாட்ஸ்அப் காலத்தில் யாரும் கேட்காமலே இரவெல்லாம் பதில் எழுதிய சிலர் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. எட்வர்ட் டெசி 1971இல் மாணவர்களிடம் ஒரு புதிர் விளையாட்டை வைத்துச் செய்த சோதனை பிரபலமானது. புதிருக்குக் காசு வாங்கியவர்கள், காசு நின்ற பிறகு ஓய்வு நேரத்தில் அதைத் தொடுவது குறைந்தது. ஒரு வேலைக்கு விலை ஒட்டிவிட்டால், விலையைக் கிழித்த பிறகும் அந்த இடம் பழையபடி ஆவதில்லை.

இப்போது

புதிய ஏற்பாடு எளிமையானது. நோய், பூச்சிக் கேள்வி என்றால் மூன்று படங்கள் வேண்டும்: முழு வயல், இலை, பிரித்த தூர். பயிரின் நாள், தண்ணீர் நிலை, கடைசியாகப் போட்ட உரம் மூன்றையும் எழுத வேண்டும். திருப்பிக் கேட்கிற கேள்விகளைக் கேட்பவரே முன்கூட்டிச் சொல்லிவிடும்படி செய்திருக்கிறார்கள். பதில் சொல்பவர் "நேரில் பார்த்தேன்" அல்லது "படத்தை வைத்துச் சொல்கிறேன்" என்று முதலில் எழுத வேண்டும். கொள்முதல் நிலையச் செய்திக்கு நேரமும், நிற்கும் இடமும் கட்டாயம். மருந்தோ உரமோ போட்டவர் இருபது நாள் கழித்து என்ன ஆனது என்று அதே பேச்சின் கீழ் எழுதுகிறார்; நன்றியை அப்போது சொன்னால் போதும் என்பது பேச்சு வழக்காகிவிட்டது.

வலங்கைமான் அக்கா இப்போது தன் பெயரில், தன் எண்ணில் எழுதுகிறார். மகன் பழைய போனைக் கொடுத்துவிட்டான். சைபர்மெத்ரின் சொன்ன நீடாமங்கலத்துக்காரர் போன தாளடியில் அவரை, "அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க, தூர்ல என்னன்னு எனக்குப் பிடிபடலை" என்று கூப்பிட்டிருப்பதைப் பதிவுகளில் பார்த்தேன். குடவாசல் பெரியவர் இன்னும் வரவில்லை. நிர்வாகிகளில் ஒருவர் அவர் வீட்டுக்குப் போய் அவர் சொல்வதைக் குரல் பதிவாக எடுத்துப் போடுகிறார். அவர் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

தீராமல் இருப்பது அடையாளம் பற்றிய கேள்வி. பூச்சிமருந்துக் கடைக்காரர்களும் விதை விற்பவர்களும் பதில் சொல்கிறார்கள், அவர்களில் நல்ல விவரம் தெரிந்தவர்கள் உண்டு. ஆனால் யார் கடைக்காரர் என்பது கேட்பவருக்குத் தெரிய வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் "கடை" என்று போடலாம் என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். மறுபடியும் பெயருக்குப் பக்கத்தில் ஏதும் வேண்டாம் என்று மற்றவர்கள். இந்த அடையாளம் ஒருவர் எங்கே நின்று பேசுகிறார் என்பதைத்தான் காட்டும், யாரையும் மேலே கீழே வைக்காது. அதனால் போடலாம் என்பது என் கருத்து. அந்த விதை வியாபாரியும் இதற்குச் சம்மதித்துவிட்டார். மேட்டூர் திறந்து குறுவை நாற்றங்கால் கேள்விகள் வரத் தொடங்குவதற்குள் முடிவு செய்துவிடுவதாக நிர்வாகிகள் சொல்லியிருக்கிறார்கள்.